ஐதரசன் கரையேறல்

இதை வாசிக்கும் உங்களை முதலில் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். வேறு யாருக்கும் காட்டாதீர்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் வேண்டாம். வாசித்து முடிந்ததும் யார் தந்தாரோ அவரிடமே கொடுங்கள், அல்லது அடுப்பில் போடுங்கள். என் பெயரை நான் எழுதவில்லை. எழுத்தைப் பார்த்தே உங்களில் சிலர் என்னைக் கண்டுபிடிப்பீர்கள். எனக்குள்ள பயமும் அதுதான். விஞ்ஞானக் கண்காட்சியில் புனிதக்காவின் மேசைக்குப் பின்னால் தொங்கிய மட்டையில் இருந்த எழுத்துகள் என்னுடையவை. அவை தன்னுடையவை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த எழுத்துக்கு உரியவரைத் தேடி இன்று எங்கள் வகுப்புக்கு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன், அவரை அறிந்த உங்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதிவிட வேண்டும் என்று குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன்.

அவர் இறந்த செய்தியை எங்கள் வகுப்புப் பரீதாதான் கொண்டுவந்தாள். அவள் கிண்ணியாவிலிருந்து வருகிறவள். பாதை என்று அங்கே சொல்லும் மிதவைப் படகில் துறையைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வரவேண்டும். ஆகவே எப்போதும் பிந்தித்தான் வருவாள். அன்றும் பிந்தித்தான் வந்தாள், ஆனால் வாசலிலேயே நின்றுகொண்டாள். பௌதிக ஆசிரியர் திரும்பிப் பார்க்காமலே, "என்ன, இண்டைக்கும் பாதை பழுதோ?" என்றார்.

"இல்ல சேர். புனிதக்கா மவுத்தாயிட்டா. எங்கட மாமா ஆசுப்பத்திரியில வேலை. அவர்தான் சொன்னார்."

ஆசிரியர் வெண்கட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "சரி, வந்து இருங்க" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தார். மறுநாள் காலைக் கூட்டத்தில் அதிபர் அவர் பெயரைச் சொல்லவில்லை. பாடசாலைக் காவலாளியின் தாய் இறந்தபோது நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தோம். புனிதக்காவுக்கு அதுவும் இல்லை. அவருடைய ஊரான சாம்பல்தீவில் நடந்த செத்தவீட்டுக்கு மாணவிகள் யாரும் போகக்கூடாது என்று வகுப்பு வகுப்பாக வந்து சொன்னார்கள்.

முப்பத்தோராம் நாளுக்கு அவருடைய தாய்மாமன் அச்சடித்த கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அவர் பிறந்த ஊர், தாய் தகப்பன், கோயில் பக்தி, அடக்கம், இதய நோய் எல்லாம் அதில் செய்யுளாக இருக்கின்றன. இரசாயனம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அந்த வீட்டாரை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கல்வெட்டை மட்டும் வாசிக்கும் ஒருவருக்குப் புனிதக்கா யாரென்று தெரியவராது. கோயிலுக்கு அவர் அவ்வளவாகப் போனதும் இல்லை. படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும்.

அவரை நாங்கள் ரீச்சர் என்று கூப்பிட்டதில்லை. அவர் எங்களுக்குப் பாடம் எடுத்தவரும் அல்ல. ஆய்வுகூடத்தைப் பார்க்க ஆள் இல்லாதபடியால் தற்காலிகமாக வந்தவர். ஆய்வுகூடச் சாவி அவரிடம் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் பல்கலைக்கழகத்தில் இரசாயனத்தைச் சிறப்புப் பாடமாகப் படித்தவர் அவர். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தும், சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகியிருந்ததால் வைத்தியச் சோதனையில் மறுத்துவிட்டார்கள். அவர் ஊருக்குத் திரும்பும்போது பேராசிரியர் இரண்டு சின்னப் போத்தல்களைக் கையில் கொடுத்து அனுப்பினாராம். ஒன்றில் சாம்பல் நிறத் தூள், மற்றதில் மஞ்சள் தூள். அவற்றைப் பஞ்சில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். சாம்பல் தூளில் பிளாற்றினம் இருக்கிறது என்று கேட்டதும் பரீதா வாயைப் பிளந்தாள்.

"அக்கா, பிளாற்றினம் தங்கத்தையும் விட விலையாமே?"

"ஓம். மற்றப் பிள்ளையளுக்குச் சீதனத்துக்குத் தங்கம் சேர்ப்பினம். என்னட்டப் பிளாற்றினம் இருக்கு. என்ன, கண்ணுக்குத் தெரியாது. மாப்பிள்ளை நுணுக்குக்காட்டியோட வரவேணும்."

அந்தத் தூளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது ஒன்றும் விளங்காது. பிளாற்றினம் ஐதரசன் வாயுவை வேலைசெய்ய வைக்கும் ஊக்கி. அதைக் கட்டியாக வைத்தால் வெளியே தெரியும் அணுக்களுக்கு மட்டும்தான் வேலை இருக்கும். உள்ளே இருப்பவை சும்மா கிடக்கும். ஆகவே அதை மிக நுண்ணிய துணிக்கைகளாக்கி, அலுமினா போன்ற மலிவான ஒரு வெள்ளைத் தூளின் மேல் படியவைப்பார்கள். அந்த வெள்ளைத் தூளுக்குத் தாங்கி என்று பெயர். மற்றப் போத்தலில் இருந்த மஞ்சள் தூள் தங்குதன் என்ற உலோகத்தின் ஒட்சைட்டு. அதில் சிறிதளவு ஐதரசன் ஏறினால், அதைத் தாழ்த்தல் என்போம், அது நீலமாகும். ஆனால் சாதாரண வெப்பநிலையில் வெறும் ஐதரசனை எவ்வளவு நேரம் விட்டாலும் அது மஞ்சளாகவே கிடக்கும். சாம்பல் தூளில் ஒரு சிட்டிகையைக் கலந்துவிட்டால் சூடாக்காமலே நீலமாகிவிடும்.

புனிதக்காவுக்கு நிறம் மாறுவது அதிசயமாக இருக்கவில்லை. "பிளாற்றினம் அலுமினாவில ஒட்டிக்கொண்டு இருக்கு. அது எழும்பி நடக்காது. மஞ்சள் தூளில முக்கால்வாசி பிளாற்றினத்தைத் தொடுறதே இல்லை. பிறகு எப்பிடி எல்லாம் நீலமாகுது?" என்று எங்களைக் கேட்டார். விடையையும் அவரே சொன்னார். பிளாற்றினத்தில் வந்து மோதும் ஐதரசன் மூலக்கூறு அங்கே இரண்டு அணுக்களாகப் பிரிகிறது. பிரிந்த அணுக்கள் உலோகத்திலேயே நிற்காமல், தாங்கியின் மேல் இறங்கி, அதன்மேலால் நகர்ந்து, மஞ்சள் தூளுக்குப் போய்ச்சேர்கின்றன. தனியே நிற்கும்போது ஐதரசனை ஏற்க முடியாத இடங்களுக்கெல்லாம் இப்படி அது போய்விடுகிறது. அவர் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் முழுவதும் படித்தது இதைத்தான்.

முதல் தடவை நாங்கள் செய்து பார்த்தபோது நீலம் வரவில்லை. நாக உலோகத் துண்டுகளில் அமிலம் விட்டு ஐதரசன் எடுத்தோம். வாயுவை உலர்த்த வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆகவே கல்சியங் குளோரைட்டுக் குழாய் ஒன்றுக்கு இரண்டாக வைத்து உலர்த்தினோம். குழாயில் இருந்த காற்று முழுக்க வெளியேறியதா என்று பார்க்காமல் பிளாற்றினத்துக்கு ஐதரசன் விட அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை. வெளியே வரும் வாயுவைச் சோதனைக்குழாயில் பிடித்துக் கொளுத்திப் பார்ப்பார். "பொப்" என்று வெடித்தால் இன்னும் காற்று இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால்தான் சரி. எல்லாம் ஒழுங்காகச் செய்து பாடசாலை விடும்வரை காத்திருந்தோம். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"அக்கா, இது கோவிச்சிட்டுது போல" என்றாள் பரீதா.

"கொஞ்சம் பச்சை அடிக்குது, அக்கா. நீலம் எண்டே சொல்லலாம்" என்றேன் நான். அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னேன்.

அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மஞ்சள்" என்றார். "வராததை வந்தது எண்டு சொன்னால், பிறகு வந்தாலும் எங்களுக்கே நம்பிக்கை வராது."

மறுநாள் காலை பார்த்தால் கல்சியங் குளோரைட்டு வைத்த போத்தலை யாரோ மூடாமல் விட்டிருந்தார்கள். அது கடற்காற்றில் ஈரம் இழுத்துத் தண்ணீராகக் கிடந்தது. வேறு இருப்பும் இல்லை. "அப்ப உலர்த்தாமலே விடுவம், நட்டமென்ன" என்றார் அவர். ஈர வாயுவை விட்டோம். கொஞ்ச நேரத்தில் தூள் பச்சையாகி, பிறகு நீலமாகி, கடைசியில் மையைப்போல் இருண்டுவிட்டது. புனிதக்கா கதிரையில் இருந்து மூச்சு வாங்குமளவு சிரித்தார். "நாங்கள் உலர்த்து, உலர்த்து எண்டு படிச்சே பழகின ஆக்கள். இதுக்குக் கொஞ்சம் ஈரம் வேணும். தண்ணி இருந்தாத்தான் அது சுறுக்கா நடக்கும். கம்பசில இருக்கேக்க ஒரு கட்டுரையில வாசிச்சனான், மறந்தே போனன்."

நீலம் வந்ததோடு எங்களுக்கு வேலை முடிந்தது. அவருக்கு முடியவில்லை. இன்னொரு குழாயை எடுத்து, ஒரு பக்கத்தில் மஞ்சள் தூள், மறுபக்கத்தில் சாம்பல் தூள், நடுவில் கண்ணாடிப் பஞ்சு வைத்தார்.

"வந்திட்டுதுதானே, அக்கா. பிறகு என்ன?" என்றாள் பரீதா.

"வந்தது தெரியும். நடந்து வந்ததோ, பறந்து வந்ததோ எண்டு தெரியவேண்டாமே?"

இடையில் பஞ்சு இருந்தவரை மஞ்சள் மாறவில்லை. ஐதரசன் பறந்து போயிருந்தால் பஞ்சைத் தாண்டிப் போயிருக்கும். பிறகு பஞ்சை எடுத்துவிட்டு, குழாயை விரலால் தட்டி இரண்டு தூளும் தொடும்படி செய்தார். தொட்ட விளிம்பில்தான் முதலில் நீலம் தெரிந்தது. அங்கிருந்து மெல்ல மெல்ல உள்ளே போனது. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "பார், அதுதான் கால் வைக்கிற இடம்" என்றார்.

விஞ்ஞானக் கண்காட்சிக்கு இதை வைப்பதென்று முடிவானது. எல்லாம் தமிழில் எழுத வேண்டும். அவர் பல்கலைக்கழகத்தில் இதை ஆங்கிலத்தில்தான் படித்தார். "நீ தமிழைச் சொல்லு. விஷயம் என்ர பொறுப்பு" என்றார். ஊக்கி, தாங்கி, தளம், தாழ்த்தல் எல்லாம் கலைச்சொல் தொகுதியில் இருந்தன. ஐதரசன் உலோகத்திலிருந்து தாங்கிக்குப் போவதற்கு மட்டும் சொல் இல்லை. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"வழிதல்?"

"நிரம்பினாத்தான் வழியும். இது நிரம்ப முந்தியே போகுது."

"கசிவு?"

"கசிவு எண்டு எழுதினா அதிபர் எல்லாரையும் வெளியில ஓடச் சொல்லுவார்."

"பரவல்?"

"அது கொலராவுக்கு."

அந்த நேரம் பரீதா வழக்கம்போலப் பிந்தி உள்ளே வந்தாள். "கோவிக்காதீங்க அக்கா. பாதை நடுத் தண்ணியில நிண்டுட்டு. இப்பதான் கரையேறினேன்."

புனிதக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னனீ?"

"பாதை நிண்டுட்டு எண்டேன். வேணுமெண்டா வாப்பாவைக் கேளுங்க."

"அதில்லை. கடைசியாச் சொன்னது."

அப்படித்தான் அந்தச் சொல் கிடைத்தது. உடனே அவர் கரும்பலகையில் எங்கள் துறைமுகத்தைக் கீறத் தொடங்கினார். "கரை முழுக்கக் கல்லு. மூதூரிலயிருந்து சனம் ஏத்தி வாற லோஞ்சு எல்லா இடத்திலயும் வந்து கட்ட ஏலாது. ஜெற்றியில மட்டும்தான் கட்டலாம். ஆனா ஜெற்றியில இறங்கின சனம் ஜெற்றியிலயே நிக்குதே? சந்தைக்குப் போகுது, கச்சேரிக்கு அலுவலாப் போகுது, ஆசுப்பத்திரிக்குப் போகுது. லோஞ்சு போகாத இடமெல்லாம் சனம் போகுது. பிளாற்றினம்தான் ஜெற்றி."

"சோடியா வந்ததுகள் ஜெற்றியில இறங்கினதும் பிரிஞ்சு நடக்குதுகள். எங்கட மாமாவும் மாமியும் மாதிரி" என்றாள் பரீதா.

பிறிஸ்டல் மட்டையில் படத்தை அவர் கீறினார். குடாவும், இறங்குதுறையும், லோஞ்சில் சோடி சோடியாக வட்டங்களும், இறங்குதுறையிலிருந்து பட்டணத்துக்குள் போகும் அம்புக்குறிகளும் அதில் இருந்தன. பட்டணத்து வீடுகள் மஞ்சள். அம்புக்குறி போய்ச் சேர்ந்த வீடுகள் நீலம். எழுத்தை என்னிடம் தந்தார். தன் எழுத்து டொக்டர்மார் எழுதும் துண்டு போல இருக்கும் என்பார். "துறைமுகத்தில் ஐதரசன் கரையேறல்" என்று பெரிதாக மேலே எழுதினேன். இறங்குதுறையின் பக்கத்தில் "ஊக்கி தளம்" என்றும், வீடுகளின் பக்கத்தில் "தாழ்த்தப்பட்டவை" என்றும் எழுதினேன். அதிபர் வந்து மட்டையை மேலிருந்து கீழாக இரண்டு தரம் வாசித்தார். "ஊக்கித் தளம். த் வரவேணும்" என்றார். அந்த ஒற்றெழுத்தை நடுவில் புகுத்தினேன். வேறு பிழை ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. எங்கள் யாருக்குமே தெரியவில்லை.

கண்காட்சியன்று கூட்டம் நிறைய வந்தது. "பொப்" சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் சின்னப் பிள்ளைகள் துள்ளினார்கள். பின்னேரம் சாதாரண உடுப்பில் இரண்டு பேர் எங்கள் மேசைக்கு வந்தார்கள். ஒருவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அவர் மட்டையில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்து மற்றவருக்குச் சிங்களத்தில் சொன்னார். துறைமுகம். கரையேறல். தளம். தாழ்த்தப்பட்டவை. மற்றவர் அம்புக்குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவ்வளவு கவனமாக யாரும் அன்று பார்க்காததால் புனிதக்காவுக்குச் சந்தோஷம். எழுந்து நின்று, இறங்குதுறையிலிருந்து தொடங்கி, அவர்களுக்கு எல்லாம் விளக்கினார். அவர்கள் கடைசிவரை கேட்டார்கள். கேட்டு முடித்ததும் மட்டையைக் கழற்றினார்கள்.

"இது யார் கீறினது?"

"நான்."

"எழுத்து?"

நான் அமிலப் போத்தலைப் பிடித்தபடி அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. "எழுத்தும் என்ரதான்" என்றார்.

மட்டையையும், குழாய்களையும், இரண்டு போத்தல்களையும், அவரையும் கொண்டுபோனார்கள்.

சில நாட்கள் கழித்து முகாமிலிருந்து அவரை விட்டார்கள். முட்டை வாங்கும் சாட்டில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சாம்பல்தீவுக்குப் போய் அவரைப் பார்த்தேன். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அம்மா அவருடைய தாயோடு முற்றத்தில் நின்றபோது புனிதக்கா எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். பகிடிபோலத்தான் சொன்னார்.

"ஊக்கி எண்டா ஆர் எண்டு கேட்டவை. ஆள் இல்லை ஐயா, பிளாற்றினம் எண்டனான். பிளாற்றினத்தின்ர சொந்தப் பேர் என்ன எண்டு கேட்டினம்."

நான் சிரிக்கவில்லை.

"தாழ்த்தப்பட்டது ஆர் எண்டு கேட்டினம். தங்குதன் எண்டனான். அவன் எந்த ஊர்ப் பெடியன் எண்டு கேட்டு எழுதினவை. பிறகு குழாயைக் கொண்டு வந்தினம். அடைப்பைக் கழட்டிப் பாத்திருக்கினம் போல. காத்துப் பட்டதும் அது திரும்ப மஞ்சளாப் போச்சு. நீலத்தை எங்க ஒளிச்சனீ எண்டு கேட்டவை. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சிரிச்சது பிழையாப் போச்சு."

"எழுத்து உங்கட எண்டு ஏன் சொன்னனீங்கள், அக்கா?"

"நீ சோதினை எழுதவேணும்." மூச்சை எடுத்துக்கொண்டு, "கனநேரம் நிக்கக்கூடாது எண்டு என்னட்ட டொக்டர் தந்த துண்டு இருக்கு. உன்னட்ட அதில்லை" என்றார்.

"அடிச்சவையோ?"

"இல்லை. நிக்க வச்சவை."

"எவ்வளவு நேரம்?"

"பிள்ளை, அந்தச் செம்பில தண்ணி இருக்கு, ஒருக்கா எடுத்துத் தா."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அவருடைய இதயம் முன்பே பழுதானது என்பது உண்மை. அந்தத் துண்டை அவர்களிடம் காட்டினாரா என்பதும் எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதவில்லை. பிறகு மூச்சு முட்டி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் இறந்தார்.

இப்போது ஊரில் இரண்டு கதை இருக்கிறது. பாடசாலையில் குண்டு செய்து பிடிபட்டவர் என்று ஒரு கதை. துறைமுகத்தைத் தாக்க வரைபடம் கீறிய வீராங்கனை என்று மற்றது. போன கிழமை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சுவரில் யாரோ அவர் பெயரைப் பெரிதாக எழுதி, பழிவாங்குவோம் என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டு கதையிலும் இருப்பது ஒரே ஆள்தான், அது புனிதக்கா அல்ல. சுவரில் எழுதியது யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் மட்டையில் எழுதியவர்தான் சுவரிலும் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறார்கள். முகாமில் வைத்துப் புனிதக்காவிடம் எழுதி வாங்கிய எழுத்தும் மட்டை எழுத்தும் ஒத்துவரவில்லை என்று அவர்களுக்கு முன்பே தெரியுமாம்.

இன்று அதிபரோடு வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அரைத்தாள் கொடுத்துச் சொல்வதெழுதுதல் வைத்தார்கள். முதலில் ஊர்ப்பெயர்கள், பிறகு சில வசனங்கள். அதிபர் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்த பரீதா உதட்டை அசைக்காமல், "கோணலா எழுதுடி" என்றாள். கோணலாக எழுதத்தான் தொடங்கினேன். குச்சவெளி, ஈச்சிலம்பற்று எல்லாம் கோழி கிளறியது போல எழுதினேன். பிறகு, "துறைமுகத்தில் ஐதரசன் கரையேறல்" என்றார்கள். என் ஐயன்னாவின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கி அடுத்த எழுத்துவரை ஓடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மாற்ற வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. பார்த்தபோது வால் ஓடி முடிந்திருந்தது. தைரியத்தால் அப்படிச் செய்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். கை பழகிய வழியில் போய்விட்டது. தாள்களை வாங்கியபோது அவர்களில் ஒருவர் என்னுடையதை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக மடித்தார்.

உங்களிடம் வந்து கேட்டால் பயப்படாமல் இவ்வளவையும் சொல்லுங்கள். ஊக்கி என்பது ஆள் அல்ல, உலோகம். தளம் என்பது படைத்தளம் அல்ல, அந்த உலோகத்தில் ஐதரசன் வந்து பிரியும் இடம். தாழ்த்தப்பட்டது ஒரு மஞ்சள் தூள். கரையேறியது ஐதரசன். பாடப்புத்தகத்தை விரித்துக் காட்டுங்கள். கரையேறல் மட்டும் அதில் இருக்காது. அது நாங்கள் வைத்த பெயர் என்று சொல்லுங்கள்.

புனிதக்காவின் பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை. போத்தல்கள் திரும்பி வரவில்லை. அவருடைய படமும் என்னிடம் இல்லை. எனக்கு மிஞ்சியிருப்பது "எழுத்தும் என்ரதான்" என்று அவர் சொன்ன வசனம். மஞ்சளை நீலம் என்று சொல்ல மனம் வராதவர், எனக்குத் தெரியச் சொன்ன ஒரே பொய் அது. அதைத்தான் நான் வைத்திருக்கிறேன். என்னைக் கேட்கும்போது நானும் அதையே சொல்லப்போகிறேன். என் வாயில் அது பொய்யாக இருக்காது. அதற்கு மேலும் கேட்டால், ஐதரசன் எப்படிக் கரையேறுகிறது என்று அவர் சொன்ன ஒழுங்கிலேயே சொல்வேன். முதலில் லோஞ்சு வந்து கட்டுவது, பிறகு சோடி பிரிவது, பிறகு

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழும்பிவிட்டார். ஆர் எண்டு கேட்கி